மறுப்பவர் எழுந்திருக்கலாம்

கறுப்பு உடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்லாந்தின் துர்க்கு ரயில் நிலையத்தில் நின்றிருந்த ஐராவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ரயில் வந்தது, ஏறிவிட்டாள். இப்போது தாம்பெரே நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே விடிந்தும் விடியாத நவம்பர் காலை. மழையா பனியா என்று முடிவுக்கு வராமல் வானம் எதையோ கொட்டிக்கொண்டிருந்தது.

மடியில் மகள் மில்யாவின் ஆய்வேடு. இன்று மதியம் அதை நாலு பேர் முன்னால் வைத்து வாதாடி டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் மில்யா. அம்மாவுக்குப் பெருமைப்பட ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் ஐரா நேற்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் அதையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குக் காரணம் தெரியும். இடையில் வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பேராசிரியை ஐரா கிவெலா உளவியல் நிபுணர். பயமும் குடியும் ஒன்றையொன்று எப்படிக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகின்றன என்பதுதான் அவள் ஆயுள் முழுக்கச் செய்த ஆராய்ச்சி. பயந்தவனை வீட்டார் தாங்கித் தாங்கியே அவன் பயத்தை வளர்க்கிறார்கள், கையை எடுங்கள், அவனே நடப்பான் என்பது அவளுடைய வைத்திய முறை. அதற்காகத்தான் பதவி வந்தது, விருது வந்தது. நாட்டில் பாதி மருத்துவமனைகளில் இன்றைக்கும் அதுதான் நடைமுறை.

அவள் எழுதிய பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு பையன் வருவான். பஸ் என்றாலே மூச்சு முட்டும் பையன். அவனை அப்பா தினமும் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் அம்மா அந்தக் காரை நிறுத்தினாள். பையன் அழுதான், வாந்தி எடுத்தான், கடைசியில் பஸ்ஸில் ஏறினான். மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் கண் கலங்கும் இடம் அது.

பையன் வேறு யாருமில்லை, அவள் மகன் யார்னோ. காரை ஓட்டியவர் அவள் கணவர் பென்ட்டி. பாவம், மனைவி பேராசிரியை ஆயிற்றே என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. யார்னோ பஸ்ஸில் ஏறியது பக்கத்து வீட்டுக் கொட்டகையில் திருடிய பியரைக் குடித்துவிட்டு. அன்று மட்டுமில்லை, அதற்கப்புறம் தினமும். பஸ்ஸுக்காக ஆரம்பித்த குடி பஸ் நின்ற பிறகும் நிற்கவில்லை. அவன் வாலிபமே அதில் போயிற்று. முதல் தடவை சிகிச்சை இல்லத்தில் படுத்திருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னான். ஐரா வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அடுத்த பருவம் வகுப்புக்குப் போய் அதே கதையைச் சொன்னாள்.

ஏன் சொன்னாள்? ஒரு வரியை உருவினால் புத்தகம் மொத்தமும் சரிந்துவிடும் என்ற பயம். பயத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவளுக்கு வந்த பயம்.

இப்போது மில்யா அந்த முறையைத்தான் துருவியிருக்கிறாள். அந்த வைத்தியத்தில் குணமானதாகக் கணக்கில் எழுதப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, எப்படிக் குணமானீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பலர் குடித்துவிட்டு ஏறியிருக்கிறார்கள். சிலர் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். ஏறினானா என்று பார்த்தவர்கள், எப்படி ஏறினான் என்று பார்க்கவில்லை. நாசூக்காக, அம்மாவின் பெயரைக் காயப்படுத்தாமல்தான் எழுதியிருந்தாள். ஆனால் பஸ்ஸில் ஏறிய பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக விட்டிருக்கிறாள் என்று ஐரா நினைத்தாள். ரயில் தாம்பெரேயில் நிற்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

---

அரங்கத்துக்கு வெளியே மில்யா கறுப்பு உடையில், கையில் தண்ணீர் பாட்டிலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா! எப்ப வந்தே? சாப்பிட்டியா?"

"ரயில்ல ஒரு பன் தின்னேன். நீ?"

"தண்ணியே இறங்கல."

"மில்யா, படிச்சேன். முழுசா."

மில்யாவின் கை பாட்டில் மூடியை இறுக்கியது. "எப்படியிருக்கு?"

"நல்லாருக்குடி. நான் எழுதியிருக்க வேண்டியது. ஆனா ஒண்ண விட்டுட்டே. அந்தப் பையன்."

"தெரிஞ்சேதான் விட்டேன்."

"எனக்காகவா?"

"அம்மா, இப்ப வேண்டாமே. விருந்து முடியட்டும், ராத்திரி உக்காந்து பேசலாம். இப்ப என் தலையில எதுவும் ஏறாது."

வழிகாட்டிப் பேராசிரியை ரீத்வா வந்து மில்யாவைத் தோளில் தட்டி அழைத்துப் போய்விட்டாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ மில்யா சொல்லவில்லை. ஐரா அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள். எதிராளி சொல்லாததையும் கேட்டுவிட்டதாக நினைப்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் வியாதி.

கடைசி வரிசையில் யார்னோ உட்கார்ந்திருந்தான். நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. கோட் தோளில் இறுக்கிப் பிடித்தது, யாரிடமோ இரவல் வாங்கியது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டேன்."

"எதுல வந்தே?" வாயிலிருந்து விழுந்த பிறகுதான் ஐராவுக்கு உறைத்தது.

"கால்ல," என்றான் யார்னோ. பிறகு, அம்மா முகம் போன போக்கைப் பார்த்து, "நடந்துதான் வந்தேன். பக்கம்தானேம்மா. போ, முன்னாடி இடம் வெச்சிருக்காங்க, உக்காரு," என்றான்.

அது போதும், ஐராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போனில் நாலு வார்த்தை பேசுகிற பிள்ளை, இன்று அம்மா என்று கூப்பிட்டு உட்காரச் சொல்கிறான். இவனுக்கு நான் செய்ததை இன்றைக்கே, இந்த இடத்திலேயே சரிசெய்துவிட வேண்டும் என்ற வேகம் இன்னும் கூடியது.

---

ஆய்வேட்டைக் கேள்வி கேட்டுச் சோதிக்கும் எதிர்வாதியாக ஹெல்சிங்கியிலிருந்து பேராசிரியர் ஹெய்னோ வந்திருந்தார். மெலிந்த மனிதர், மென்மையான குரல், கேள்விகள் மட்டும் ஊசி. மில்யா முதலில் தடுமாறினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். ஒரு இடத்தில், "அப்படியானால் கிவெலா முறையைக் கைவிட வேண்டும் என்கிறீர்களா?" என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் பாதித் தலைகள் முன்வரிசைக்குத் திரும்பின.

"கைவிடச் சொல்லல," என்றாள் மில்யா. "கையை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஆளைக் கேக்கணும்னு சொல்றேன்."

ஹெய்னோ தலையை ஆட்டினார். எல்லோரும் எழுந்து நிற்க, ஆய்வேட்டை ஏற்கும்படி பரிந்துரைத்தார். பிறகு மில்யா சபையைப் பார்த்துத் திரும்பி, அந்த ஊரில் பட்டம் வாங்கும் எல்லோரும் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னாள்.

"இந்த ஆய்வேட்டை மறுத்துப் பேச விரும்பும் மதிப்புக்குரியவர் யாரேனும் இங்கு இருந்தால், தலைவரிடம் அனுமதி பெற்று எழுந்திருக்கலாம்."

யாரும் எழுந்திருப்பதில்லை. சொல்ல வேண்டுமே என்று சொல்கிற வாக்கியம் அது. அதற்குள் எல்லோருக்கும் வெளியே கொதிக்கும் காபியின் வாசனை மூக்கில் ஏறியிருக்கும். ஐராவே தலைமை தாங்கிய சபைகள் எத்தனையோ. ஒன்றில்கூட ஒரு நாற்காலி அசைந்ததில்லை.

உட்காரப்போன கூட்டத்துக்கு நடுவே ஐரா நின்றுகொண்டே இருந்தாள். கையைத் தூக்கினாள்.

சபைக்குத் தலைமை தாங்கிய ரீத்வாவின் முகம் வெளுத்தது. "பேராசிரியை கிவெலா?"

"அனுமதி வேணும்."

கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தாள். மேடையில் மில்யா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆய்வேட்ல ஒரு குறை இருக்கு," என்று ஆரம்பித்தாள் ஐரா. கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. "இதுல இருக்க வேண்டிய ஒருத்தர் இல்ல. பஸ்ல ஏறின பையன். உங்கள்ல பாதிப் பேர் என்கிட்ட அந்தக் கதையைக் கேட்டுட்டுப் போனவங்க. அது பொய். அவன் குடிச்சிட்டுத்தான் ஏறினான். அது எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் சொல்லிட்டிருந்தேன். அவன் என் பையன். என் பொண்ணு என்னைக் காப்பாத்தறதுக்காக அதை விட்டிருக்கா. அதனால நானே சொல்றேன். அவகிட்டயும், அவன்கிட்டயும் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது அவளுக்கு. அழுகையும் சிரிப்புமாக மில்யாவைப் பார்த்தாள்.

மில்யா அவளைப் பார்க்கவில்லை. அரங்கத்தின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையைத் தொடர்ந்து மற்றவர்களும் திரும்பினார்கள். அத்தனை கண்களும் இரவல் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு ஆளின்மேல் போய் நின்றன. யார்னோ கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தான். பிறகு எழுந்து, கதவைச் சத்தம் வராமல் மூடிவிட்டுப் போனான்.

எதிர்ப்பு என்று வந்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் விதி. மில்யா மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மதிப்புக்குரிய பேராசிரியைக்கு நன்றி. அந்த நபரை எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சியில அவர் இருக்கலாமான்னு நான் அவர்கிட்ட கேட்டேன். வேண்டாம்னாரு. அதனால அவர் இல்ல. என் பதில் அவ்வளவுதான்."

ஐரா உட்கார்ந்தாள். இத்தனை வருஷ வாத்தியார் வேலையில், யாரைப் பற்றி எழுதினாலும் அவர் சம்மதத்தைக் கேள் என்று ஒவ்வொரு மாணவனுக்கும் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவள் அவள்.

---

வெளிக்கூடத்தில் காபியும் கேக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் மில்யாவின் கையைக் குலுக்கிவிட்டு, ஐரா இருந்த பக்கம் பார்க்காமல் நகர்ந்தார்கள். கூட்டம் குறைந்ததும் மில்யாவே வந்தாள்.

"அம்மா, உனக்கு மன்னிப்புக் கேக்கறதுக்குக்கூட ஒரு மேடை வேணும், இல்ல?"

"எனக்குத் தெரியாதுடி. நீ எனக்காக விட்டேன்னு…"

"கேட்டிருக்கலாம்ல? வாசல்லயே ராத்திரி பேசலாம்னு சொன்னேன்ல? பொறுக்கல உனக்கு. அவன் என்கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான், அம்மா. என் வாழ்க்கையில அவன் கேட்டது அது ஒண்ணுதான்."

"நான் போய் அவனைப் பாக்கறேன்."

"பாரு. ஆனா பேசாதே. அவன் பேசட்டும்." போகத் திரும்பிய மில்யா நின்றாள். "அவன் குடிச்சான்னா நான் உன்னை மன்னிக்க மாட்டேன். இது டாக்டர் சொல்றதில்ல. நான் சொல்றேன்."

---

சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகையில் யார்னோ நின்றிருந்தான். கோட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டிருந்தான், அந்தக் குளிரிலும்.

ஐரா பக்கத்தில் போய் நின்றாள். பேசவில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"உள்ள ரெண்டாவது வரிசையில செகப்பு சால்வை போட்டு ஒரு அம்மா," என்றான் யார்னோ கடைசியில். "சிகிச்சை இல்லத்துல என்னைப் பாத்துக்கிட்டவங்க. ஒரு நாள் நான் ரொம்பத் துவண்டு போயிருந்தேன். தைரியம் சொன்னாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஒரு பையன் இருந்தான் யார்னோ, பஸ்ஸைக் கண்டாலே நடுங்குவான்'னு ஆரம்பிச்சாங்க. முழுக் கதையும் எனக்கே சொன்னாங்க. நானும் கேட்டுட்டு, பரவால்லயே, கெட்டிக்காரப் பையன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஐராவால் சிரிக்க முடியவில்லை.

"நான்தான்னு அவங்களுக்குத் தெரியாம இருந்துது. இந்த ஊர்லயே யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டற யார்னோன்னுதான் தெரியும். அது எனக்குப் பிடிச்சிருந்துதும்மா."

"யார்னோ, நான்…"

"இரு. அன்னிக்கு ஏன் சொல்லலன்னு நீ எப்பவாவது யோசிச்சிருக்கியா? முதல் நாளே ஏன் சொல்லல? பஸ்ல ஏறித் திரும்பிப் பாத்தேன். நீ நடைபாதையில நின்னுட்டிருந்தே. உன் மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம். நான் என்ன செஞ்சும் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து பாத்ததில்ல. அதைக் கெடுக்க மனசு வரல. மறுநாளும் நீ வந்து நின்னே. மறுநாளும் குடிச்சேன்."

ஐரா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவனுக்குப் பயம் என்று எழுதினாள், பழக்கம் என்று எழுதினாள். அம்மாவைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு குழந்தை குடித்தது என்று அவள் எங்கேயும் எழுதவில்லை. அது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

"இன்னிக்கு ராத்திரி வருவியாடா? மில்யாவோட விருந்துக்கு?" என்று கேட்டாள்.

"பனி கொட்டுச்சுன்னா டூட்டிக்குக் கூப்பிடுவாங்க." அவன் கோட்டை எடுத்துக்கொண்டான். "இல்லன்னா பாக்கலாம்."

"எங்க போறே?"

யார்னோ அவளை ஒரு முறை பார்த்தான். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

---

கரோன்கா விருந்து ஏரிக்கரையில் ஒரு பழைய மரவீட்டில். எதிர்வாதியைக் கௌரவிக்க டாக்டர் ஆனவர் வைக்கிற விருந்து அது. வழக்கமாக ஒயின் ஆறாக ஓடும். மில்யா அண்ணனை நினைத்து மேஜையில் ஒரு சொட்டு வைக்கவில்லை. லிங்கன்பெரி பழச்சாற்றை ஒயின் கிளாஸில் ஊற்றிக்கொண்டு ஹெய்னோ, "என் ஆயுசுல முதல் தடவையா நாளைக்குத் தலைவலி இல்லாம ரயில் ஏறப்போறேன்," என்றார். எல்லோரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள்.

அண்ணனுக்காக ஒயினை விலக்கிய மேஜையில் அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்தது ஐராவுடையது. ஜன்னலுக்கு வெளியே பனி கனமாக விழ ஆரம்பித்திருந்தது. வேலைக்குப் போய்விட்டான் என்று எல்லோரும் நினைக்க அது வசதியாக இருந்தது. மில்யா மூன்று முறை போன் செய்து பார்த்துவிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

காபி வந்ததும் மில்யா எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்தாள். அந்த விருந்தின் வழக்கம் இது: அவள் யார் பெயரைச் சொல்கிறாளோ அவர்கள் மட்டுமே பேசலாம், சொன்ன வரிசையிலேயே. சொல்லாதவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

ஹெய்னோவுக்கு நன்றி, ரீத்வாவுக்கு நன்றி. கூட வேலை செய்தவர்களுக்கு, தோழிகளுக்கு. ஐரா மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். என் பெயர் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரக் கூடாது, அதுதான் நியாயம்.

"என் அண்ணன் யார்னோவுக்கு," என்றாள் மில்யா. "ஒரு மனுஷனைக் கேட்டுட்டுத்தான் எதையும் செய்யணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது அவன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் என் அம்மாவுக்கு."

அவ்வளவுதான். எதற்கு நன்றி என்று சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

பதிலுரைகள் ஆரம்பித்தன. ஹெய்னோ பேசினார். ரீத்வா பேசினாள். தோழிகள் ஒரு பாட்டே பாடினார்கள். பிறகு யார்னோவின் முறை வந்தது. நாற்காலி அப்படியே இருந்தது. எல்லோரும் ஒரு நிமிஷம் கிளாஸ்களைப் பார்த்தார்கள். இப்படி ஒரு இடைவெளி விழுந்தால் என்ன செய்வது என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் சொல்லி வைக்கவில்லை.

ரீத்வாதான் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்தது நீங்கதானே, ஐரா."

ஐரா எழுந்தாள். நல்ல பேச்சாளி அவள். ஒரு சபை அமைதியாக அவள் முகத்தைப் பார்த்தால் வார்த்தை தானாக வந்து நிற்கும். இப்போதும் வந்து நின்றது. மகனைப் பற்றி, அவன் சைக்கிள் கொட்டகையில் சொன்னதைப் பற்றி, இந்தக் கூட்டமே அழுதுவிடும்படி பேச அவளால் முடியும்.

"என் முறை இன்னும் வரல," என்றாள். "எனக்கு முன்னாடி என் பையன் பேசணும்."

"அவர் டூட்டியில இருப்பாரு போல…" என்றார் ஹெய்னோ.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது." காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்குப் பதிலா நான் பேச மாட்டேன். நேரமாச்சுன்னா நீங்க கெளம்புங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம். நான் இருக்கேன்."

உட்கார்ந்தாள். ஹெய்னோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டார்.

மில்யா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். காலி நாற்காலியில் உட்காராமல், அதற்கும் அம்மாவுக்கும் நடுவில் தரையில் குந்திக்கொண்டாள். மதியத்துக்குப் பிறகு இப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

"அவன் குடிச்சிருந்தான்னா?"

"அப்பவும் அவன் முறைதான்."

"எவ்வளவு நேரம்மா இப்படி உக்காந்திருப்பே?"

"தெரியலடி," என்றாள் ஐரா. "அவனுக்காகக் காத்திருந்து எனக்குப் பழக்கமே இல்ல."